காற்று அள்ளிக்கொண்டு போகும் மண்ணுக்கும் கணக்கு வைக்கிறார்கள், தெரியுமா?

ஒரு வயலிலிருந்து காற்று எவ்வளவு மண்ணைத் தூக்கிக்கொண்டு போனது என்று யாராவது நிறுத்துப் பார்ப்பார்களா? பார்க்கிறார்கள்! மாதத்துக்கு ஒருமுறை வெட்டவெளியில் நட்டிருக்கும் கம்பங்களிலிருந்து புட்டிகளைக் கழற்றுகிறார்கள். உள்ளே விழுந்திருக்கும் மண்ணைத் தராசில் இட்டு எடை எழுதிவைக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இதற்கென்றே 2014 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது: தேசியக் காற்றரிப்பு ஆய்வு வலையமைப்பு. நியூ மெக்சிகோவின் ஹொர்னாடா, யூட்டாவின் மோவாப், டெக்சாஸின் பிக் ஸ்பிரிங், வடக்கு டகோட்டாவின் மாண்டன், வாஷிங்டன் மாநிலத்தின் புல்மன் என்று ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஊர்களில் களங்கள். சில மேய்ச்சல் நிலம், சில உழுத நிலம், சில பாலை. ஹாலமன் விமானப்படைத் தளத்தில்கூட ஒரு களம் உண்டு!

மழை அரித்தால் வாய்க்கால் விழும், கண்ணுக்குத் தெரியும், விவசாயி பதறுவார். காற்று அரித்தால் நிலம் நேற்று இருந்த மாதிரியே இருக்கும். பத்து ஆண்டு கழித்துத்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றும். இத்தனை பாடும் அதனால்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, மிக நுண்ணிய தூசி அத்தனை லேசில் பறக்காது, தெரியுமா? நம்ப முடியவில்லை அல்லவா! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள மணல்தான் காற்றுக்கு எடுக்க மிகச் சுலபம். அதைவிடப் பெரிய மணி கனத்தால் அசையாது. அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாது. அப்படியானால் வானத்தையே மறைக்கும் புழுதி எப்படிக் கிளம்புகிறது? மணல்மணி துள்ளிக் குதிக்கிறது. விழும் வேகத்தில் மண்கட்டியை மோதி உடைக்கிறது. அந்த மோதலில் தூசி சிதறி எழுகிறது. காற்று மணலை ஏவுகிறது, மணல் தூசியைக் கிளப்புகிறது!

நகரும் மண்ணில் பெரும்பகுதி இப்படித் துள்ளித்தான் போகிறது, அதுவும் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளில் செம்மணலை மேடு மேடாகக் குவித்ததும் இதே துள்ளல்தான். கனமான மணிகள் தரையோடு உருண்டு போகும். மிக நுண்ணியவை மட்டும் மேலேறிக் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், மண்ணின் சத்து மிகுதியாக ஒட்டியிருப்பது அந்த நுண்ணிய பங்கில். களத்துமேட்டில் தூற்றும்போது காற்று பதரைத் தள்ளி நெல்லை நமக்கு விட்டுவைக்கும். இங்கே அது நெல்லை எடுத்துக்கொண்டு பதரை விட்டுப்போகிறது.

இந்தத் துள்ளலைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளந்து விதி கண்டவர் பேராசிரியர் இல்லை, ஒரு பட்டாளத்துக்காரர் என்றால்? ரால்ஃப் பாக்னோல்ட், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களில் எகிப்தில் பணியில் இருந்தபோது விடுமுறை கிடைத்தால் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் நுழைந்துவிடுவார். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்து, மணலை ஊதி ஊதிப் பார்த்தார். 1941-இல் அதைப் புத்தகமாக்கினார். அதற்குள் போர் வந்துவிட்டதால், 1940-இலேயே பாலைவனத்தில் வெகுதூரம் ஊடுருவிப்போகும் படைப்பிரிவு ஒன்றையும் தொடங்கியிருந்தார். ஒரே மணல், இரண்டு உத்தியோகம்!

அவர் கண்ட விதி சின்னது, ஆனால் பயங்கரமானது. மணல் கிளம்பத் தொடங்கிய பிறகு, அது போகும் அளவு காற்றின் வேகத்துக்கு மும்மடி விகிதத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் மண் எட்டு மடங்கு! மாதக்கணக்கில் வீசும் இளங்காற்று செய்யாத சேதத்தைச் சில மணி நேரச் சூறைக்காற்று செய்து முடித்துவிடும். ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு காற்றரிப்பைக் கணக்கிட முயல்வது வீண் வேலை. நிமிடத்துக்கு நிமிடம் குறித்தாக வேண்டும். செவ்வாயில் க்யூரியாசிட்டி ஊர்தி 2015-இல் நெருங்கிப் பார்த்த மணல்மேடுகளுக்கு பாக்னோல்ட் மேடுகள் என்றே பெயர். காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்தக் கிரகத்துக்கும் அவருடைய கணக்கிலிருந்துதான் தொடங்கினார்கள்.

சரி, அந்தப் புட்டிகளுக்கு வருவோம். ஒவ்வொரு களமும் 100 மீட்டருக்கு 100 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதில் 10 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று. தரையருகிலிருந்து உச்சிவரை பல உயரங்களில் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் மண்பிடிக்கும் கம்பங்கள், மொத்தம் 27! நட்சத்திரக் கணக்குப் போல இருக்கிறதா? ஜாதகம் பார்த்து நட்டதில்லை. களத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு மூன்று என்று வைத்திருக்கிறார்கள். கட்டத்துக்குள் எந்த இடம் என்பது மட்டும் குலுக்கல். ஏன் தெரியுமா? இரண்டு புதருக்கு நடுவே வைத்த புட்டியில் மண் கொட்டும், பத்தடி தள்ளிப் புல்லுக்குப் பின்னால் வைத்ததில் ஒன்றுமே இருக்காது. ஒரே புட்டியை நம்பினால் அது சொல்வது அந்த இடத்தின் கதை, நிலத்தின் கதை ஆகாது. ஆளே இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்து. புழுதி பறக்கும் இடத்தையே கண் தேடும்.

புட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். சாதாரண பிளாஸ்டிக் புட்டி. மூடியில் இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் காற்று நுழைகிறது, மற்றதில் வெளியேறுகிறது. உள்ளே வந்ததும் காற்றின் வேகம் தளர்ந்து மண் அடியில் தங்கிவிடுகிறது. அவ்வளவுதான்! கம்பத்தில் தகடு ஒன்று இருப்பதால் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புட்டிகளும் அந்தப் பக்கம் திரும்பும். ஒவ்வொரு கம்பத்திலும் வெவ்வேறு உயரத்தில் புட்டிகள் உண்டு, துள்ளல் உயர உயரக் குறையும் விதத்தையும் பிடிக்க வேண்டுமே. மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். மணல்மணி மோதும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொள்ளும் மின்கருவியும், காற்றிலுள்ள தூசியின் அடர்த்தியை அளக்கும் கருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன. இருந்தாலும் எடைக்கு இந்த ஏழைப் புட்டிதான் சாட்சி.

இதே வேலைக்கு இன்னொரு பொறி உலகப் புகழ் பெற்றது. அதன் பெயர் 'பிக் ஸ்பிரிங் நம்பர் எய்ட்'. டெக்சாஸின் பிக் ஸ்பிரிங் ஊரிலிருந்து டொனால்ட் ஃப்ரையியர் 1986-இல் வெளியிட்டது. நம்பர் எட்டு தேறியது சரி, முந்தைய ஏழும் என்ன பாடு பட்டனவோ!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த அதிசயம் கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். எல்லாக் களத்திலும் ஒரே பொறி, ஒரே உயரம், ஒரே முறை! இதற்கு முன் ஆளுக்கொரு பொறி, ஆளுக்கொரு பாணி. ஒருவர் தந்த எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. செடிகொடியை அளக்கும் முறை இன்னும் எளிது. தரையில் நாடாவை இழுத்துக் கட்டி, குறித்த இடைவெளியில் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அது எதைத் தொடுகிறது என்று எழுதுவார்கள். புல்லா, சருகா, கல்லா, வெறும் மண்ணா? பிறகு செடிக்கும் செடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையும் மண்வளத் துறையும் தங்கள் கண்காணிப்புக்காகப் பல்லாயிரக்கணக்கான இடங்களில் இதே நாடா, இதே ஊசி முறையில்தான் அளந்துவருகின்றன. அங்கெல்லாம் புட்டியும் இல்லை, கோபுரமும் இல்லை. தேவையும் இல்லை! வலையமைப்பின் களங்களில் காற்றையும் செடியையும் மண்ணையும் சேர்த்து அளந்து, 'ஏரோ' என்ற கணிப்பு மாதிரியைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். புட்டியே காணாத அந்தப் பல்லாயிரம் இடங்களிலும் எவ்வளவு மண் போகும் என்று மதிப்பிட்டுவிடலாம். இந்த மேய்ச்சல் நிலத்தில் இந்த ஆண்டு எத்தனை மாடு விடலாம் என்று முடிவெடுப்பவருக்கு இதைவிட உபயோகமான தூசிக் கணக்கு வேறு எது?

பாதி நிலம் வெறுமையாக இருக்கும் இரண்டு இடங்கள். ஒன்றில் மண் பறக்கிறது, மற்றதில் பறக்கவில்லை. காரணம் தெரியுமா? வெறுமை எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது! புல் சிறுசிறு கொத்துகளாகப் பரவி நெருங்கி நின்றால் காற்று தரையைத் தொடுவதற்குள் தடுக்கப்பட்டுவிடும். அதே அளவு பசுமை பெரிய புதர்களாகத் திரண்டுவிட்டால் நடுவே நீள நீளமான வீதிகள் திறக்கும். ஆய்வாளர்களும் அவற்றை வீதிகள் என்றே சொல்கிறார்கள். காற்றுக்கு ராஜபாட்டை!

ஹொர்னாடாவில் நடந்தது அதுதான். 1858-இல் நில அளவையர்கள் எழுதிய குறிப்புகளைப் பிற்கால ஆய்வாளர்கள் தேடியெடுத்துப் பார்த்தார்கள். அன்று அந்தப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் நல்ல புல்வெளி. 1963-இல் 25 விழுக்காடுகூட இல்லை! மாடுகளின் மேய்ச்சலும் வறட்சியும் சேர்ந்து புல்லைத் தீர்க்க, அந்த இடத்தைப் பிடித்தது மெஸ்கீட் என்ற முட்புதர். யார் அது என்று தெரியுமா? நம்மூர்க் கண்மாய்களை வளைத்துப்போட்ட சீமைக் கருவேலத்தின் நெருங்கிய பங்காளி! ஒவ்வொரு புதரடியிலும் காற்று மணலைக் குவித்து மேடாக்கியது, இடைவெளியைச் சுரண்டிக் கட்டாந்தரையாக்கியது. இதில் வேடிக்கை, ராஜஸ்தானில் ஓடும் மணலை நிறுத்த நட்ட மரங்களில் அதே சீமைக் கருவேலமும் ஒன்று. ஜோத்பூரில் 1959 முதல் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனம் இருக்கிறது, மணல்மேடுகளைக் கட்டிவைப்பது அதன் பழைய வேலை. ஒரே குடும்பத்து மரம் ஓரிடத்தில் குற்றவாளி, ஓரிடத்தில் காவலாளி. எது ஆவது என்பதை, அது வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதுதான் முடிவு செய்கிறது.

இப்போது கேளுங்கள், இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மூச்சு முட்டிய தகவல். ஹொர்னாடா ஆய்வு நிலம் 1912-இல் தொடங்கியது. 1933-இலும் 1935-இலும் அங்கே சிலர் முளைக்குச்சிகளை வரிசையாக அடித்து, தரை மட்டம் எங்கே இருக்கிறது என்று குச்சியில் குறித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். உலகப் போர் வந்து போனது. மனிதன் நிலவுக்குப் போய் வந்தான். 1980-இல் வேறு ஆய்வாளர்கள் அதே குச்சிகளைத் தேடிப்போய் அளந்தார்கள். மணல்மேட்டுக் களத்தில் ஒரு குச்சியில் தரை 60 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது! இன்னொன்றில் 80 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது! நடுவில் யாராவது 'இந்தக் குச்சிகள் எதற்கு' என்று பிடுங்கி அடுப்பில் வைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். குச்சியை அடித்தவருக்கு விடை கிடைக்கவில்லை, விடை கண்டவர் குச்சியை அடிக்கவில்லை. இரண்டு தலைமுறையையும் சேர்த்துக் கட்டியது ஒரு கோடு!

காற்றரிப்பின் பாடத்தை அமெரிக்கா சும்மா கற்கவில்லை. 1934 மே மாதப் புழுதிப்புயல் நாட்டின் நடுவிலிருக்கும் பெருஞ்சமவெளியின் மண்ணை நியூயார்க், வாஷிங்டன் நகரங்கள்வரை கொண்டுபோய், அட்லான்டிக்கில் போன கப்பல்களின் மேல்தளத்திலும் கொட்டியது. 1935 ஏப்ரல் 14-க்குக் 'கருப்பு ஞாயிறு' என்றே பெயர். அந்த நாட்களில் மண்பாதுகாப்பு அதிகாரி ஹியூ ஹேமண்ட் பென்னட் செனட் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்தாராம். மேற்கே கிளம்பிய புழுதி தலைநகரை நெருங்குகிறது என்று தெரிந்து பேச்சை இழுத்துக்கொண்டே போனாராம். ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டதும் உறுப்பினர்களுக்கு விளங்கியது என்று கதை சொல்வார்கள். கதையில் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம். சட்டம் உண்மை: 1935 ஏப்ரல் 27-இல் மண்பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ்வரை காற்றுத் தடுப்பாக 1942-க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்களையும் நட்டார்கள். அடேங்கப்பா!

விண்வெளித் தூசியைத் தேடிப்போய் சகாராவைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? கரீபியக் கடலோரத்துப் பார்படோஸ் தீவு. அதன் கிழக்கு முனைக்கு அப்பால் ஆப்பிரிக்காவரை வெறும் கடல். காற்று அங்கே சுத்தமாக இருக்கும், விண்ணிலிருந்து விழும் தூசியைப் பிடிக்கலாம் என்று வலை கட்டினார்கள். சிக்கியது செம்பழுப்பு மண், சகாராவின் புழுதி! 1965-இல் தொடங்கிய அந்த அளவீட்டை மியாமி பல்கலைக்கழகத்தின் ஜோசப் புரோஸ்பெரோ பல பத்தாண்டுகள் நடத்திச்சென்றார். 1970களிலும் 80களிலும் சகாராவின் தென்விளிம்பான சாஹேல் பகுதி வறட்சியில் துடித்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் வடிதாள்களில் தூசி பல மடங்கு ஏறியது. ஒரு கண்டத்தின் பஞ்சத்தை இன்னொரு கண்டத்தின் கரையில் நின்று எடை போட்டிருக்கிறார்கள்! இடையில் நிதி இல்லை என்று சில ஆண்டு நிறுத்தியிருந்தால் அந்த ஏற்றம் கண்ணில் பட்டிருக்காது.

அதே சகாராப் புழுதி ஆண்டுதோறும் சராசரியாக 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் காட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. செயற்கைக்கோள் அளவுகளை வைத்து 2015-இல் வெளியான மதிப்பீடு இது. மழையும் வெள்ளமும் அந்தக் காட்டிலிருந்து அடித்துச்செல்லும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அதே அளவு! பாலைவனம் காட்டுக்கு உரம் போடுகிறது. ஓரிடத்தில் சேதம் என்பது இன்னோரிடத்தில் வரவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சார்லஸ் டார்வினும் தூசி சேகரித்தார், தெரியுமா? பீகிள் கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே போனபோது படிந்த தூளை எடுத்து, பெர்லினில் இருந்த இயற்கை ஆய்வாளர் எஹ்ரன்பர்குக்கு அனுப்பினார். 1846-இல் அட்லான்டிக் தூசி பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த அந்த மாதிரிகளை ஆய்வாளர்கள் மறுபடி திறந்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். அவற்றில் இருந்த நுண்ணுயிர்கள் சில மறுபடி வளர்ந்தன!

பனிமலையில் விழும் புழுதியால் ஆற்றில் தண்ணீர் குறையுமா? குறைகிறது! வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பும், அழுக்குப் பனி உறிஞ்சிக்கொள்ளும். கொலராடோ ஆற்றின் மேல்படுகையில் புழுதியால் பனி ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகவே உருகி ஓடுகிறது, ஆண்டு நீர்வரத்தும் சுமார் 5 விழுக்காடு குறைகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இன்னும் கேளுங்கள். அந்த மலைகளின் ஏரிகளில் அடிச்சேற்றைக் குழாய்போல வெட்டியெடுத்து அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேற்றமும் கால்நடையும் பெருகியபோது தூசிப் படிவு ஐந்து மடங்குக்குமேல் எகிறியிருக்கிறது. 1934-இல் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபிறகு குறைந்திருக்கிறது. சட்டம் வேலை செய்ததா என்று ஏரிச்சேறு சாட்சி சொல்கிறது!

அணுகுண்டுச் சோதனைகளும் இந்தக் கணக்குக்கு உதவுகின்றன என்றால் நம்புவீர்களா? 1950களிலும் 60களிலும் வெடித்த குண்டுகளிலிருந்து சீசியம்-137 உலகெங்கும் மழையோடு இறங்கி மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. இன்று ஒரு வயலில் அது இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தால், மேல்மண் கிளம்பிப்போய்விட்டது என்று பொருள். யாரும் முளைக்குச்சி அடிக்காத நாடுகளுக்கு இது வரப்பிரசாதம். விரும்பி வாங்கிய வரமில்லை என்பது வேறு விஷயம்.

மோவாப் பக்கத்துப் பாலையில் மண்ணுக்கு உயிருள்ள தோல் உண்டு! கருத்து முண்டும் முடிச்சுமாகத் தெரியும். நுண்ணுயிர்களின் பசையுள்ள இழைகள் மணிகளைப் பிணைத்துவைத்திருக்கும். சூறைக்காற்றுக்கும் அசையாத அந்தத் தோல் ஒரு செருப்புக்காலுக்கு நொறுங்கிவிடும், பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள். தடத்தை விட்டு இறங்காதீர்கள் என்று அங்கே கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

போன புல் திரும்புமா? ஹொர்னாடாவில் மிக மலிவான சோதனை ஒன்று செய்தார்கள். புதர்களுக்கு நடுவே திறந்த அந்த வீதிகளின் வெறுந்தரையில் சாண் உயரத்துக்குச் சிறு கம்பிவலைத் தடுப்புகளை நட்டார்கள். ஓடிவரும் மண், சருகு, விதை எல்லாம் அதில் தங்கின. சில ஆண்டுகளில் தடுப்படியில் செடி முளைத்து, மெல்ல மெல்லப் புல்லும் தலைகாட்டியது! புதரை வெட்டவில்லை, மருந்து அடிக்கவில்லை. காற்றின் வீதியில் முட்டுக்கட்டை போட்டதோடு சரி. நல்ல மழை ஆண்டுகளும் கைகொடுத்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உயிர் காக்கும் தகவல். நியூ மெக்சிகோ வழியாகப் போகும் 10-ஆம் எண் நெடுஞ்சாலை லார்ட்ஸ்பர்க் அருகே ஒரு வறண்ட ஏரிப்படுகையைக் கடக்கிறது. காற்று எழுந்தால் முன்னால் போகும் வண்டி கண்ணெதிரே மறைந்துவிடும். பல உயிர்களைக் குடித்த சாலை அது. ஓரத்துப் பலகைகள் சொல்வது: சாலையை விட்டு இறங்குங்கள், வண்டியை அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஏன் தெரியுமா? புழுதியில் ஒன்றும் தெரியாமல் பின்னால் வருபவர், உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து நேரே உங்கள்மேல் ஏறிவிடுவார்!